நிலநடுக்கோட்டின் ஆழத்தில் ஓடும் நீர்

ஆழ்கடல் நீரோட்டத்தை அளக்க இரண்டு வழிகள் உண்டு. நீரோடு மிதந்து செல்லும் கருவியின் பாதையைப் பின்தொடர்வது ஒன்று. கருவியை ஓரிடத்தில் நிறுத்திவைத்து, அதைக் கடந்துபோகும் நீரின் வேகத்தையும் திசையையும் மாதக்கணக்கில் பதிவுசெய்வது மற்றொன்று. இரண்டாவது வழியின் கருவிதான் நங்கூரத் தொடர். கடல் தரையில் ஒரு கனத்த எடை, அதிலிருந்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் கயிறு, கயிற்றின் உச்சியில் மிதவை, இடையே குறித்த ஆழங்களில் கருவிகள் என்பது அதன் அமைப்பு. இந்த அமைப்பு 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஓராண்டு அல்லது அதற்கும் மேலாக, மனிதர் கை படாமல் வேலை செய்தாக வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடலின் ஆழத்து நீர் எவ்வாறு நகர்கிறது என்பது பற்றிய இன்றைய அறிவில் பெரும்பங்கு இத்தகைய தொடர்கள் தந்தது.

கணக்கு உதவாத இடம்

பூமி சுழல்வதால், அதன்மேல் நகரும் நீர் வட அரைக்கோளத்தில் வலப்புறமாகவும் தென் அரைக்கோளத்தில் இடப்புறமாகவும் விலகுகிறது. இந்த விலகலுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது கொரியோலிஸ் விசை. நடுக்கோட்டைவிட்டு விலகிய பெருங்கடல்களில், அழுத்த வேறுபாடு நீரைத் தள்ளும் விசையும் கொரியோலிஸ் விசையும் ஒன்றையொன்று ஏறத்தாழ சமன்செய்கின்றன. இந்தச் சமநிலை கடலாய்வாளருக்குப் பெரிய வசதி. கப்பலிலிருந்து பல ஆழங்களில் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்தால் நீரின் அடர்த்தி தெரியும். அடர்த்தியிலிருந்து அழுத்த வேறுபாடும், அதிலிருந்து நீரோட்டத்தின் வேகமும் கணக்கில் வந்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் வரையப்பட்ட ஆழ்கடல் நீரோட்டப் படங்களில் பல இவ்வாறு கணக்கிடப்பட்டவையே.

கொரியோலிஸ் விசையின் அளவு, அந்த இடத்தின் அட்சரேகைக் கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. துருவத்தில் அதன் அளவை 100 என்று கொண்டால், 13 பாகையில் இருக்கும் சென்னையில் அது சுமார் 23. வடக்கே 4 பாகையைச் சற்றே தாண்டியுள்ள, மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரில் சுமார் 7. பீடோரிலிருந்து நேர் தெற்கே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் போனால், சுமத்திராவின் ரியாவ் மாநிலத்தில் நடுக்கோடு வந்துவிடும். அங்கே அது சுழியம். சுழியத்தை நெருங்கும் எண்ணால் வகுத்து வேகத்தைக் காண வேண்டியிருப்பதால், வெப்பநிலையில் நேரும் சிறு அளவீட்டுப் பிழையும் விடையில் பெரும் நீரோட்டமாகத் தோன்றும். ஆகவே நடுக்கோட்டில் நீரோட்டத்தை நேரடியாக அளந்தே தீர வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1966-இல் ஜப்பானிய அறிஞர் டாரோ மட்சுனோ, நடுக்கோடு சிலவகை அலைகளைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும் என்று கணித முறையில் காட்டினார். கெல்வின் அலை நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி மட்டுமே செல்லும். நீண்ட ரோஸ்பி அலை மேற்கு நோக்கி, அதன் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் செல்லும். இரண்டின் வலுவும் நடுக்கோட்டின் இருபுறமும் சில பாகைகளுக்குள் அடங்கிவிடும். வேறெங்கும் இல்லாத விதத்தில் காற்றின் விளைவு கடலைக் குறுக்காகக் கடந்து செல்லும் பாதை இது.

இந்தியப் பெருங்கடலில் இந்தப் பாதை ஓய்ந்திருப்பதே இல்லை. பசிபிக், அட்லாண்டிக் நடுக்கோட்டில் கிழக்கிலிருந்து வீசும் காற்றே ஆண்டின் பெரும்பகுதி நிலவுகிறது. இந்தியப் பெருங்கடலில் பருவக்காற்று திசை மாறுகிறது. இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் நடுக்கோட்டின் மேல் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. அப்போது மேற்பரப்பு நீர் குறுகிய பட்டையாகக் கிழக்கே விரைகிறது. கப்பல்கள் தம் பாதையிலிருந்து எவ்வளவு விலகின என்ற பதிவுகளைத் தொகுத்து, 1973-இல் இதை எடுத்துக்காட்டியவர் கிளவுஸ் விர்ட்கி. வினாடிக்கு 1 மீட்டரையும் தாண்டக்கூடிய அந்த ஓட்டம் இன்று விர்ட்கி ஓட்டம் என்றே அழைக்கப்படுகிறது. ஆண்டுக்கு இருமுறை வரும் இந்தத் தள்ளுதல் ஆழத்துக்குப் போய்ச் சேருகிறதா, எப்படிச் சேருகிறது என்பதே நங்கூரத் தொடர்கள் விடைதேடிய முதன்மைக் கேள்வி.

கப்பலிலிருந்து தொடங்கிய தேடல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனின் வகன் வால்ஃப்ரிட் எக்மன் ஒரு நீரோட்டமானியை வடிவமைத்தார். கப்பலிலிருந்து கம்பியில் இறக்கப்படும் அதில், நீர் சுழற்றும் சிறு விசிறி பற்சக்கரங்களை நகர்த்தும். குறித்த சுற்றுகள் முடிந்ததும் ஒரு சிறு உலோகக் குண்டு கீழே விழும். அது காந்த ஊசியின் மேலுள்ள பள்ளத்தில் உருண்டு, 36 அறைகளாகப் பிரிக்கப்பட்ட வட்டப் பெட்டியின் ஓர் அறையில் போய்த் தங்கும். கருவியை மேலே எடுத்து, எந்த அறையில் எத்தனை குண்டுகள் என்று எண்ணினால் திசை தெரியும். ஓர் அறைக்கு 10 பாகை. இந்த அளவீட்டில் பெரிய குறை, கப்பலின் அசைவும் நீரோட்டத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும் என்பது.

நடுக்கோட்டின் அடியில் எதிர்த்திசை ஓட்டம் இருப்பதற்கான அடையாளத்தை 1886-இல் அட்லாண்டிக்கில் ஜான் யங் புக்கனன் கண்டார். ஆனால் அது மறக்கப்பட்டது. 1952-இல் பசிபிக்கில் மீன்வள ஆய்வாளர்கள் ஆழத்தில் இட்ட நெடுந்தூண்டில் கயிறுகள், மேற்பரப்பு நீர் மேற்கே போகும்போது கிழக்கே இழுபட்டன. டவுன்செண்ட் குரோம்வெல் அதை ஆராய்ந்து, கீழே ஓடும் வலுவான கிழக்கு நீரோட்டத்தை உறுதிப்படுத்தினார். 1960-களின் தொடக்கத்தில் நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப்பயணத்தின்போது இங்கேயும் அத்தகைய ஓட்டம் தேடப்பட்டது. ஜான் நாஸும் புரூஸ் டாஃப்டும் கண்டது பசிபிக்கைவிட வலுக்குறைந்த, பருவத்துக்கு ஏற்ப வந்து மறையும் ஓட்டம். 1973 முதல் 1975 வரை மாலத்தீவின் தென்கோடியிலுள்ள கான் தீவருகே ராபர்ட் நாக்ஸ் மீண்டும் மீண்டும் எடுத்த அளவீடுகள், அந்த ஓட்டம் மாதந்தோறும் உருமாறுவதைக் காட்டின.

1976-இல் வியப்பான ஒரு கண்டுபிடிப்பு வந்தது. ஜேம்ஸ் லூட்டனும் ஜான் ஸ்வாலோவும் மேற்கு இந்தியப் பெருங்கடலில், கிழக்கு 53 பாகையை ஒட்டி, கடல் தரைவரை தானே விழுந்து திரும்பும் கருவியை நடுக்கோட்டில் இறக்கினர். கீழே செல்லச் செல்ல கிழக்கு, மேற்கு, மீண்டும் கிழக்கு என்று நீர் மாறிமாறி ஓடுவது தெரிந்தது. சில நூறு மீட்டர் தடிமனுள்ள அந்த ஓட்டங்கள் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு பாகைக்குள் அடங்கியிருந்தன. அவை நிலையான ஓட்டங்களா, மெல்ல நகரும் அலைகளா என்பதைச் சில வாரங்களே அங்கு நின்ற கப்பலால் சொல்ல இயலாது. அங்கேயே நின்று கவனிக்கும் கருவி தேவைப்பட்டது.

தொடரின் உறுப்புகள்

அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வாளர்கள் 1960-களின் தொடக்கத்தில் ஆழ்கடலில் நங்கூரத் தொடர்களை நிறுவத் தொடங்கியபோது பல தொடர்கள் காணாமற்போயின. மேற்பரப்பு மிதவையை அலைகள் ஓயாமல் ஆட்டியதால் இணைப்புகள் தேய்ந்து அறுந்தன. மேற்பகுதிக் கயிறுகளை மீன்கள் கடித்தன. மீட்ட கயிறுகளில் பற்கள் குத்தி நின்றதிலிருந்து அது தெரியவந்தது. இந்தப் பாடங்களிலிருந்து உருவானதே முழுவதும் நீருக்கடியில் நிற்கும் தொடர். அதன் உச்சி மிதவை மேற்பரப்பிலிருந்து நூறு மீட்டர் முதல் சில நூறு மீட்டர்வரை கீழே நிற்கும். அலையும் கப்பலும் மீன்பிடி வலையும் அதை எட்டுவது அரிது. மேற்பகுதியில் பிளாஸ்டிக் உறையிட்ட எஃகுக் கம்பியும், கீழே செயற்கை இழைக் கயிறும் பயன்படுகின்றன.

அடியில் இருப்பது பல நூறு கிலோ முதல் ஒரு டன்னுக்கு மேல்வரை எடையுள்ள இரும்பு. பழைய ரயில் சக்கரங்களை அடுக்கியும் இதைச் செய்வதுண்டு. எடைக்குச் சற்று மேலே ஒலி விடுவிப்பான் பொருத்தப்படுகிறது. கப்பலிலிருந்து அனுப்பும் குறியீட்டு ஒலியைக் கேட்டதும் தன் கொக்கியைத் திறந்துவிடும் கருவி அது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று திறக்கட்டும் என்று இரண்டை இணையாகப் பொருத்துவது வழக்கம். கயிற்றை நிமிர்த்தி வைப்பவை மஞ்சள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்த கண்ணாடிக் கோளங்கள். 43 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம் சுமார் 25 கிலோ மிதப்பு தரும். 4,000 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் அழுத்தும் சுமார் 400 கிலோ எடையை அந்தக் கண்ணாடி தாங்குகிறது. இடையில் ஏதேனும் ஓரிடத்தில் கயிறு அறுந்தாலும் கீழ்ப்பகுதி மிதந்து வரும்படி, கோளங்கள் பல இடங்களில் பிரித்துக் கட்டப்படுகின்றன.

வேகம் அளக்கும் முறை

முதல் தலைமுறைக் கருவிகளில் நீர் ஒரு சுழலியைத் திருப்பும், துடுப்பு திசைகாட்டும், உள்ளே காந்தநாடா பதிவுசெய்யும். நார்வேயின் ஆன்டெரா நிறுவனக் கருவிகள் இவ்வகையில் உலகெங்கும் பரவின. ஆழத்தில் நீர் மிக மெதுவாக நகரும்போது இவை தடுமாறின. வினாடிக்கு சுமார் 2 சென்டிமீட்டருக்குக் கீழே சுழலி நின்றுவிடும்.

இன்றைய கருவிகள் ஒலியை நம்புகின்றன. கருவி அனுப்பும் ஒலித் துடிப்பு, நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களிலும் துகள்களிலும் பட்டுத் திரும்புகிறது. அவை கருவியை நோக்கி வந்தால் திரும்பும் ஒலியின் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும். இதுவே டாப்ளர் விளைவு. மாற்றம் மிகச் சிறியது. வினாடிக்கு 75,000 அதிர்வுகள் உள்ள ஒலியை அனுப்பினால், ஒலிக்கற்றையின் திசையில் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகமுள்ள நீர் அதில் 10 அதிர்வுகளை மட்டுமே மாற்றும். நான்கு சாய்ந்த கற்றைகளை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைப் பல கூறுகளாக வெட்டினால், ஒரே கருவியிலிருந்து அடுக்கடுக்காகப் பல ஆழங்களின் வேகம் கிடைக்கும். 75 கிலோஹெர்ட்ஸ் கருவி சுமார் 500 மீட்டர் நீரைப் பார்க்கவல்லது.

இதற்கும் எல்லை உண்டு. கற்றையின் ஓரத்தில் கசியும் ஒலி மேற்பரப்பில் நேராகப் பட்டு வலுவாகத் திரும்பி, அருகிலுள்ள நீரின் மெல்லிய எதிரொலியை மூடிவிடும். 20 பாகை சாய்ந்த கற்றைகளில் தூரத்தின் இறுதி 6 விழுக்காடு இப்படிக் கெடும். 400 மீட்டர் ஆழத்திலிருந்து மேல்நோக்கும் கருவிக்கு மேற்பரப்பை ஒட்டிய 24 மீட்டர் நீர் தெளிவாகத் தெரியாது. ஆழ்கடலிலோ ஒலியைத் திருப்பும் உயிர்கள் மிகக் குறைவு. ஆகவே 1,000 மீட்டருக்குக் கீழே, தன்னருகிலுள்ள நீரை மட்டும் அளக்கும் தனிக் கருவிகளே பொருத்தப்படுகின்றன. எதிரொலியின் வலுவே கூடுதல் செய்தி ஒன்றும் தருகிறது. இருட்டியதும் மிதவை உயிரிகள் மேலே ஏறி, விடியுமுன் ஆழத்துக்கு இறங்குவது அதில் நாள்தோறும் பதிவாகிறது.

இறக்குதலும் மீட்டலும்

தொடரை இறக்கும்போது உச்சி மிதவை முதலில் நீருக்குள் போகிறது. கப்பல் மெதுவாக முன்னேற, பின்தளத்திலிருந்து கயிறு விடப்படுகிறது. குறித்த நீளம் வந்ததும் நிறுத்தி ஒவ்வொரு கருவியாகப் பொருத்துகின்றனர். பல மணி நேரத்துக்குப் பின் தொடர் முழுவதும் கப்பலின் பின்னே கிலோமீட்டர் கணக்கில் மிதந்து நீண்டிருக்கும். கடைசியில் இரும்பு எடை தள்ளிவிடப்படும். அது முக்கால் மணி நேரம்போல விழுந்துகொண்டிருக்க, மிதவைகள் ஒவ்வொன்றாக நீருக்குள் இழுபடும். கயிற்றின் இழுவையால் எடை சற்றுப் பின்வாங்கியே தரையைத் தொடும் என்பதால், குறித்த இடத்தைத் தாண்டிய பின்னரே அதை விடுவர். பின்னர் மூன்று இடங்களிலிருந்து விடுவிப்பானுக்கு ஒலி அனுப்பித் தூரம் அளந்து, தொடர் நிற்கும் சரியான இடத்தைக் குறிக்கின்றனர்.

மீட்கும் நாளில் குறியீட்டு ஒலி போனதும் கொக்கி திறக்கும். இரும்பு தரையிலேயே தங்க, மற்றவை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மேலே வந்துசேரும். வேலை பகல் வெளிச்சத்தில் முடிய வேண்டும் என்பதால் காலையிலேயே தொடங்குகின்றனர். அலைகளுக்கிடையே மஞ்சள் கோளங்களைக் கண்டால்தான் ஓராண்டு உழைப்பு கைக்கு வந்ததாகும்.

பதிவுகளை அப்படியே பயன்படுத்த முடியாது. வலுவான நீரோட்டம் தொடரைச் சாய்க்கும்போது கருவிகள் பல பத்து மீட்டர் கீழிறங்கிவிடும். உடன் வைத்த அழுத்தமானியைக் கொண்டு ஒவ்வொரு அளவின் உண்மையான ஆழம் திருத்தப்படுகிறது. காந்தத் திசைக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு, கடிகாரம் ஓராண்டில் பிந்திய அளவு ஆகியவையும் சரிசெய்யப்படுகின்றன. பின்னர் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் கடலேற்ற ஓட்டம் வடிகட்டப்படுகிறது. மணிக்கு ஒரு பதிவு என்றால் ஓராண்டில் 8,760 பதிவுகள். ஆழத்தின் மெதுவான ஓட்டம் அவற்றிலிருந்துதான் தெளிகிறது.

இந்தியத் தொடர்கள்

நடுக்கோட்டு இந்தியப் பெருங்கடலில் 1979 ஏப்ரல் முதல் 1980 ஜூன் வரை லூட்டனும் டீன் ரோமிக்கும் மேற்குப் பகுதியில் தொடர்களை நிறுத்தினர். 1991–92-இல் இலங்கைக்குத் தெற்கிலும், 1993–94-இல் அதே தீர்க்கரேகையில் நடுக்கோட்டின் குறுக்கேயும் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அளந்தனர். 2000-இல் ஜப்பான் கிழக்கு 90 பாகையில் டாப்ளர் தொடர் ஒன்றை நிறுவியது. அதே ஆண்டு, கோவாவின் தோனா பாவ்லாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் கிழக்கு 93 பாகையில் தன் நடுக்கோட்டுத் தொடரைத் தொடங்கி, பின்னர் 83, 77 பாகைகளுக்கும் விரிவாக்கியது. சுமார் 100 மீட்டரில் தொடங்கி 4,000 மீட்டர் வரை பல ஆழங்களில் கருவிகளைத் தாங்கிய இந்தத் தொடர்கள், அத்தனை ஆழத்தையும் பல ஆண்டுகள் விடாமல் கவனித்தன. 2004-இல் பல நாடுகள் சேர்ந்து தொடங்கிய 'ராமா' மிதவை வரிசை மேற்பகுதிக் கடலையும் காற்றையும் அளக்க, இவை ஆழத்தை அளந்தன.

பதிவுகள் காட்டுவது

முதலாவதாக, ஆழம் அசைவற்றது அல்ல. அங்கே வினாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகம் சாதாரணம். அதே திசையில் நீடித்தால் நீர் ஒரு நாளில் 4 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ஆனால் திசை நீடிப்பதில்லை. வடக்கு–தெற்கு ஓட்டம் 10 முதல் 20 நாட்களுக்குள் திரும்பிவிடுகிறது. தேபாசிஸ் சென்குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் இந்திய அளவீடுகளைக் கொண்டு இதை விளக்கினர். பருவக்காற்றின் இருவார ஏற்றத்தாழ்வு, நடுக்கோடு பிடித்துவைக்கும் மற்றொரு வகையான ரோஸ்பி-ஈர்ப்பு கலப்பு அலையை எழுப்புகிறது என்பது அவர்கள் கண்ட விடை.

இரண்டாவதாக, கிழக்கு–மேற்கு ஓட்டத்தில் ஆறுமாதச் சுழற்சி ஓங்கியிருக்கிறது. லூட்டனும் ரோமிக்கும் 750 மீட்டர் ஆழத்திலும் இதைக் கண்டனர். ஆழமான கருவியில் உச்சம் முந்தியும், மேலே உள்ளதில் பிந்தியும் வந்தது. ஓட்டம் அடியிலிருந்து புறப்படுவதுபோல இது தோன்றலாம். ஆனால் நீருக்குள் சாய்வாகப் பரவும் இவ்வகை அலைகளில் முகடு மேலே நகரும்போது ஆற்றல் கீழே இறங்கும். மேற்பரப்பில் காற்று தந்த ஆற்றல் ஆழத்துக்கு இறங்குவதன் அடையாளமே அந்த முகட்டின் ஏற்றம். ஒரே ஓர் ஆழத்தில் அளந்திருந்தால் இது புலப்பட்டிருக்காது.

ஆறுமாதச் சுழற்சி இவ்வளவு வலுவாக இருப்பதற்குப் பெருங்கடலின் அகலமும் ஒரு காரணம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமத்திராவரை நடுக்கோட்டில் ஏறத்தாழ 6,200 கிலோமீட்டர். வினாடிக்கு சுமார் 1.6 மீட்டர் வேகமுள்ள கெல்வின் அலை அதைக் கடக்க 45 நாட்கள் ஆகும். சுமத்திராவில் மோதி ரோஸ்பி அலையாகத் திரும்ப அதைப்போல் மூன்று மடங்கு, 135 நாட்கள். மொத்தம் 180 நாட்கள். காற்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தள்ளுகிறது. ஊஞ்சல் திரும்பி வரும் சரியான கணத்தில் தள்ளுவதுபோல, ஒவ்வொரு தள்ளுதலும் முந்தையதோடு சேர்ந்து வலுக்கிறது.

மூன்றாவதாக, 1976-இல் கண்ட அடுக்கு ஓட்டங்களின் இயல்பும் தெளிவாகி வருகிறது. அட்லாண்டிக்கின் நடுக்கோட்டில், மேற்கு 23 பாகையில் நிற்கும் தொடரில், கம்பியின் வழியே மேலும் கீழும் ஏறியிறங்கி அளக்கும் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. அந்த அடுக்குகள் சுமார் நாலரை ஆண்டுச் சுழற்சியில் திசை மாறுவதையும், அவற்றின் ஆற்றல் மேல்நோக்கி ஏறி மேற்பரப்பு வெப்பநிலையையும் காற்றையும் பாதிப்பதையும் பீட்டர் பிரான்ட் குழுவினர் 2011-இல் வெளியிட்டனர். ஆழம் மேற்பரப்பின் ஆணையை ஏற்பதோடு நிற்காமல், அதற்குப் பதிலும் அனுப்புகிறது.

மலேசியக் கரைகளுக்கு இதன் பொருள்

பேராக் கரையோர மலாக்கா நீரிணை 100 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. ஆழ்கடல் நீரோட்டம் அங்கே நுழைவதில்லை. கிழக்கே வரும் கெல்வின் அலை சுமத்திராவின் மேற்குக் கரையில் மோதி, ஒரு பகுதி கரையை ஒட்டி வடக்கே திரும்பி, அந்தமான் கடல் வழியாக வங்காள விரிகுடாவைச் சுற்றி இலங்கைவரை செல்கிறது. மற்றொரு பகுதி சாவகம் நோக்கித் தெற்கே போகிறது.

நடுக்கோட்டு ஓட்டத்தின் வலு வானிலையிலும் தெரிகிறது. 1997-இல், மேற்குக் கடல் வெப்பமாகிக் கிழக்குக் கடல் குளிரும் இந்தியப் பெருங்கடல் இருமுனை நிலை உருவானபோது, கிழக்கே வெதுவெதுப்பான நீரைச் சுமந்து வரும் விர்ட்கி ஓட்டம் இலையுதிர் காலத்தில் மிகவும் நலிந்தது. சுமத்திராவை ஒட்டிய கடல் குளிர்ந்தது. எல் நினோவும் சேர்ந்துகொள்ள, மழை பொய்த்தது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த தீயின் புகைமூட்டம் மலேசியத் தீபகற்பத்தையும் சரவாக்கையும் மூடியது. அவ்வாண்டு செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019-இலும் வலுவான இருமுனை நிலையும் புகைமூட்டமும் சேர்ந்து வந்தன.

சபாவுக்குத் தெற்கே, போர்னியோவுக்கும் சுலாவேசிக்கும் இடையிலுள்ள மக்காசார் நீரிணையில் நிறுத்திய தொடர்கள் மற்றொன்றைக் காட்டின. பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு இந்தோனேசியக் கடல்கள் வழியே வினாடிக்குச் சுமார் 1.5 கோடி கன மீட்டர் நீர் செல்வதை, ஐந்து நாடுகள் சேர்ந்து 2004 முதல் 2006 வரை நடத்திய அளவீடு நிறுவியது. அதில் பெரும்பகுதி மக்காசார் வழியாகவே செல்கிறது. அங்கே வேகம் உச்சமடைவது மேற்பரப்பில் இல்லை, நூறு மீட்டருக்கும் கீழே. மேற்பரப்பை மட்டும் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அந்த உச்சம் தெரியாது.

மிதந்து திரியும் ஆர்கோ கருவிகள் இன்று பெருங்கடல் முழுவதும் பரவியுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை 1,000 மீட்டர் ஆழத்தில் நகர்ந்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டரிலிருந்து மேலே வருகின்றன. இருவார அலையை அந்த இடைவெளியில் சரியாகப் பிடிக்க முடியாது. 2,000 மீட்டருக்குக் கீழுள்ள நீரையும் அவை எட்டுவதில்லை. பரப்பின் விரிவை ஆர்கோ தருகிறது. ஓர் இடத்தின் தொடர்ச்சியையும் தரைவரையிலான ஆழத்தையும் நங்கூரத் தொடரே தருகிறது. கணக்கு கைகொடுக்காத நடுக்கோட்டில் இரண்டும் சேர்ந்தால்தான் ஆழ்கடல் நீரோட்டத்தின் படம் முழுமை பெறும்.